ஜப்பான் பண்பாட்டுச் சுற்றுலா: குழுவோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபூஜி மலையையும் டோக்கியோவின் வெளிச்சத்தையும் பார்த்துவிட்டு வர எந்தக் குழுவும் போதும். தேநீர் அறையில் உட்கார வேண்டும், பாய் விரித்த அறையில் ஓர் இரவு தூங்க வேண்டும், விடியற்காலை மடத்து வழிபாட்டைக் கேட்க வேண்டும் என்று போகிறவர்கள் குழுவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை முதலில் வருகின்றன. கிளம்புமுன் செய்ய வேண்டியவையும் அங்கே போனபின் தடுமாற வைப்பவையும் அடுத்து.

ஜப்பானில் தனியாகவே சுற்றலாம் என்கிறார்களே, பிறகு குழு எதற்கு?

உண்மைதான். ரயில் நேரத்துக்கு வரும், பலகைகளில் ஆங்கிலம் இருக்கும், இரவில் தனியாக நடக்கலாம். போக்குவரத்துக்காக மட்டும் குழுவில் சேரத் தேவையில்லை. கதவு திறந்தும் பொருள் புரியாத இடங்களில்தான் குழு உதவுகிறது. தேநீர்ச் சடங்கில் விருந்தாளி என்ன செய்ய வேண்டும், பட்டறைக் கைவினைஞர் என்ன சொல்கிறார், தட்டில் இருப்பதில் மீன் கலந்திருக்கிறதா என்பதை யாராவது உடனிருந்து சொல்ல வேண்டும். சில விடுதிகளும் பட்டறைகளும் ஜப்பானிய மொழியில் தொலைபேசியில் பேசினால்தான் முன்பதிவு எடுக்கும். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் குழுவே நல்லது. டோக்கியோவும் டிஸ்னிலாந்தும் மட்டும் போதும் என்பவர்கள் தனியாகவே போகலாம்.

பயணத்திட்டத்தைப் பார்த்தே குழுவின் தரத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். இடங்களின் பெயர்களை விட்டுவிட்டு, எத்தனை முறை விடுதி மாறுகிறீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். 8 நாள் பயணத்தில் முதல் நாளும் கடைசி நாளும் விமானத்துக்கே போய்விடும். மீதி ஆறு நாளில் ஐந்து விடுதி என்றால், பெட்டி கட்டிப் பேருந்தில் உட்காருவதுதான் பயணம் என்றாகிவிடும்.

அடுத்து, 'கியோத்தோ' என்று போட்டிருக்கும் இரவுகளில் விடுதி உண்மையில் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். கியோத்தோவில் அறை விலை அதிகம் என்பதால் பல குழுக்களை ஒசாகாவிலோ பிவா ஏரிக்கரை ஒட்சுவிலோ தங்கவைக்கிறார்கள். இதனால் காலையும் மாலையும் கைவிட்டுப் போகும். கியோத்தோவின் பெரும்பாலான கோயில்கள் மாலை நாலரை, ஐந்துக்கு மூடிவிடும். கியோமிசுதேரா காலை 6 மணிக்கே திறக்கும், ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்குக் கதவே கிடையாது. ஏழு மணிக்கு அங்கே நிற்பவர் பார்ப்பதும் பதினொரு மணிக்கு நாற்பது பேரோடு போகிறவர் பார்ப்பதும் ஒன்றல்ல. ஊருக்குள் தங்கியிருந்தால்தான் அந்தக் காலை கிடைக்கும்.

குழுவின் அளவு அடுத்த கேள்வி. மரபான தேநீர் அறை நாலரைப் பாய் அளவு, அதில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தாலே நெருக்கடிதான். 40 பேர் குழுவுக்குத் 'தேநீர்ச் சடங்கு' என்று போட்டிருந்தால், ஒரு கூடத்தில் ஒருவர் செய்துகாட்ட மற்றவர்கள் நாற்காலியில் இருந்து பார்ப்பார்கள். 16 பேருக்கு மேற்படாத குழுவே எங்கள் பரிந்துரை. அதற்கு மேல் என்றால், பட்டறைகளில் குழுவை இரண்டாகப் பிரிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திட்டத்தில் வரும் சொற்களையும் கவனியுங்கள். 'வழியில் பார்த்தல்' என்றால் பேருந்துச் சன்னலோடு சரி. 'உள்நுழைவுக் கட்டணம் உட்பட' என்றால்தான் இறங்கி உள்ளே போவீர்கள். நாளுக்கு ஒன்றுக்கு மேல் கடை நிறுத்தம் இருந்தால் அந்தக் குழு வேண்டாம்.

டூர் மேனேஜரும் வழிகாட்டியும் ஒருவரேதானா?

இல்லை. ஊரிலிருந்து கூடவே வருபவர் டூர் மேனேஜர். அறை, சாப்பாடு, தலை எண்ணுவது எல்லாம் அவர் பொறுப்பு. இடத்தைப் பற்றிச் சொல்பவர் உள்ளூர் வழிகாட்டி. ஜப்பானில் வழிகாட்டிகளுக்குத் தேசியத் தேர்வு 1949 முதல் நடக்கிறது. தேறியவர்களை 'ட்சூயாகு அன்னாய்ஷி' என்கிறார்கள். 2018 ஜனவரி முதல், தேர்வு எழுதாதவர்களும் கட்டணம் பெற்று வழிகாட்டலாம், அந்தப் பட்டத்தை மட்டும் பயன்படுத்தக் கூடாது. ஆகவே உரிமம் பெற்ற வழிகாட்டி எத்தனை நாள் வருவார், எந்த மொழியில் பேசுவார் என்று எழுத்தில் கேளுங்கள். வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதை மேனேஜர் தமிழில் சொல்வதுதான் வழக்கம், அதற்கு இரட்டிப்பு நேரம் ஆகும். வழிகாட்டியின் குரலைக் கேட்கக் காதில் மாட்டும் இயர்ஃபோன்கள் தருகிறார்களா என்பதும் முக்கியம். கோயில்களுக்குள் வழிகாட்டி குரல் உயர்த்திப் பேச முடியாது.

எத்தனை நாள் வேண்டும்? எந்த ஊர்கள்?

முதல் முறை போகிறவருக்கு 9 இரவுகள் போதுமானவை: டோக்கியோ 3, ஹக்கோனேயில் ஒன்சென் (வெந்நீர் ஊற்று) விடுதி 1, கியோத்தோ 3 (நாராவுக்கு ஒரு பகல் உட்பட), கோயாசான் மலை மடத்தில் 1, ஒசாகா 1. ஹிரோஷிமா கட்டாயம் என்றால் கியோத்தோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். அமைதி நினைவு அருங்காட்சியகமும் மியாஜிமா தீவும் ஒரே நாளில் முடியும், ஆனால் நாள் முழுவதும் ஓட்டம்தான். கைவினையில் நாட்டம் உள்ளவர்கள் டோக்கியோவில் ஒரு நாளைக் குறைத்துக் கனாசவாவைச் சேர்க்கலாம். ஜப்பானின் தங்கத் தகடு ஏறக்குறைய முழுவதும் அந்த ஊரில்தான் அடிக்கப்படுகிறது, அதை ஒட்டும் பட்டறையில் நீங்களும் உட்காரலாம்.

எந்த மாதம் நல்லது?

சகுரா (செர்ரி) பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முழுப் பூப்பு ஒரு வாரம்தான் நிற்கும், அந்த வாரம் ஆண்டுக்கு ஆண்டு நகரும். எட்டு மாதம் முன்னால் தேதி குறிக்கும் குழு அதற்கு உறுதி தர முடியாது. கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். எங்கள் தேர்வு மே இரண்டாம், மூன்றாம் வாரம் அல்லது நவம்பர் முதல் பாதி. கியோத்தோவில் இலைகள் சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, அப்போது கூட்டம் சகுரா காலத்துக்குக் குறைவில்லை.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுவில் ஓபோன் (முன்னோர் நினைவுத் திருநாள்), டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை ஆகியவற்றைத் தவிருங்கள். ஜப்பானே ஊருக்குக் கிளம்பும் நாட்கள் அவை. பட்டறைகள் மூடியிருக்கும். ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை மழை. பிறகு 35 டிகிரிக்கு மேல் வெயிலும் சென்னைக்கு நிகரான புழுக்கமும் சேரும். ஆனால் பெரிய திருவிழாக்கள் அந்த வெயிலில்தான் வருகின்றன: கியோத்தோவில் கியோன் திருவிழாவின் தேர் ஊர்வலங்கள் ஜூலை 17, 24, ஆவோமோரியில் நெபுத்தா ஆகஸ்ட் 2 முதல் 7 வரை. தேர்த் திருவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மரச்சக்கரங்களின் அடியில் மூங்கில் பட்டைகளைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, தேரை மூலை திருப்பும் வேலையைப் பார்க்க அந்த வெயிலைத் தாங்கலாம். இருக்கை முன்பதிவு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா எப்படி?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா கட்டாயம். 2024 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வசிப்பவர்களுக்குச் சுற்றுலா இ-விசா வழங்குகிறார்கள். விண்ணப்பத்தை வி.எஃப்.எஸ். மையத்தில் கொடுக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: விசா வெளியீட்டு அறிவிப்பை விமான நிலையத்தில் இணைய இணைப்போடு, நேரடியாகத் திரையில் காட்ட வேண்டும். அச்சிட்ட தாளும் ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது. ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விசா வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் சில்லு பதித்த கடவுச்சீட்டு வைத்திருக்கும் மலேசியர்களுக்கும் சுற்றுலாவாக 90 நாள் வரை விசா தேவையில்லை.

கிளம்புமுன் 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் குடிநுழைவு, சுங்க விவரங்களை நிரப்பி க்யூஆர் குறியீட்டை எடுத்து வையுங்கள். ஜப்பானில் இருக்கும் நாள் முழுவதும் கடவுச்சீட்டு உங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். 'பாதுகாப்புக்காக' மேனேஜரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

விலையில் எது சேரும், எது சேராது?

அடிக்கடி விடுபடுபவை: மதிய உணவு, மாலையில் சொந்தமாகச் சுற்றும் ரயில் செலவு, பெட்டி அனுப்பும் கட்டணம், கியோத்தோவின் தங்கும் வரி, ஒன்சென் வரி (பெரும்பாலும் 150 யென்). தனி அறைக்கு வேறு தொகை. இந்தியாவில் வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு வாங்கும்போது டி.சி.எஸ். என்ற முன்வரி பிடிப்பார்கள். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும், சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் கட்டும் நாளின் விகிதத்தைப் பாருங்கள்.

ஜப்பானிய நிறுவனத்திடம் நேரடியாக உள்நாட்டுச் சுற்றுலா வாங்கினால், அங்குள்ள மாதிரி ஒப்பந்தப்படி ரத்துக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: பல நாள் பயணத்தில் 20 நாள் முன்னதிலிருந்து 20 சதவீதம், 7 நாள் முன்னதிலிருந்து 30, முந்தின நாள் 40, அன்றே என்றால் 50, பயணம் தொடங்கிய பின் முழுத்தொகை.

மருந்து, தின்பண்டம் கொண்டுபோகலாமா?

மருத்துவர் எழுதிய மருந்து ஒரு மாத அளவு வரை அனுமதி. அதற்கு மேல் என்றால் 'யுன்யு காகுனின்ஷோ' என்னும் இறக்குமதி உறுதிச் சான்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரை கூடாது, கோடீன் கலந்த இருமல் மருந்திலும் சிக்கல் வரும். வீட்டு மருந்துப் பெட்டியை அப்படியே அள்ளிப் போடாமல் ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். மருந்தை அட்டையோடு, மருந்துச் சீட்டோடு கொண்டுபோங்கள்.

இறைச்சி கலந்த எதுவும் கூடாது, விமானத்தில் கொடுத்த சாண்ட்விச்சும் இதில் சேரும். பச்சைக் காய், பழம், கறிவேப்பிலை வேண்டாம். பருப்புப் பொடி, தட்டை, முறுக்கு போன்ற உலர்ந்த சைவப் பண்டங்களில் சிக்கல் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் எங்கே தவறும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. பெரும்பாலும் உலர்த்திய கத்சுவோ மீனைச் சீவிக் கொதிக்கவைத்து எடுப்பது. கண்ணுக்கு மீன் தெரியாத இடத்திலெல்லாம் இது இருக்கும்: மிசோ சூப், சோபா, உடோன் நூடுல்ஸ் குழம்பு, டெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய்கறி, இனிப்பு முட்டைச் சுருள், இனாரி சூஷியின் தோஃபு உறை. 'இறைச்சி இல்லை' என்று பரிமாறுபவர் மனமறிந்து பொய் சொல்வதில்லை. அவருக்குத் தாஷி ஒரு சுவைச் சாறு, மீன் அல்ல. அதனால் 'சைவமா?' என்று கேட்பதில் பயனில்லை. இறைச்சி, மீன், கத்சுவோ தாஷி, விலங்குக் கொழுப்பு, ஜெலட்டின் எதுவும் கூடாது என்று ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டை அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்கள் அதையும் சேர்க்கச் சொல்லலாம். காய்கறிக் கறி என்று விற்கும் ஜப்பானியக் கறியின் குழம்புக் கட்டியில் மாட்டுக் கொழுப்பு இருப்பது வழக்கம்.

கடைசி நிமிடச் சமாளிப்புக்குத் தெருவுக்குத் தெரு செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் உண்டு. உமேபோஷி ஊறுகாய் வைத்த சோற்று உருண்டையும்கூடச் சில தயாரிப்புகளில் மீன் சாறு சேர்த்து வரும், உறையைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பாருங்கள். உப்பு மட்டும் சேர்த்த உருண்டை, வாழைப்பழம், அவித்த எடமாமே (பச்சைச் சோயா), தயிர் பெரும்பாலும் நம்பகமானவை. டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் 'டீஸ் தான்தான்' என்ற முழுத் தாவர ராமென் கடை இருக்கிறது. டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இந்தியர்கள் நிறைய வசிக்கிறார்கள், இந்தியச் சாப்பாடும் மளிகையும் கிடைக்கும்.

எல்லா வேளையும் இந்தியச் சாப்பாடு என்று விளம்பரம் செய்யும் குழுக்கள் உண்டு. வயிற்றுக்கு நிம்மதிதான். ஆனால் ஒவ்வொரு வேளையும் ஏதோ ஓர் இந்திய உணவகத்தைத் தேடிப் பேருந்து அரை மணி ஓடும், ஜப்பானியச் சாப்பாட்டு மேசையில் ஒருமுறைகூட உட்காராமல் திரும்புவீர்கள். இரவுக்கு இந்தியச் சாப்பாடு, பகலுக்குத் தாவர உணவகம், ஓரிரு வேளை மடத்துச் சமையல் என்ற கலவையே எங்கள் சிபாரிசு.

ரியோகானில் (மரபான ஜப்பானிய விடுதியில்) ஓர் இரவு எப்படி இருக்கும்?

மாலை 3 மணிக்கு அறை கிடைக்கும், மறுநாள் 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இடையில் விடுதியின் நேரமே உங்கள் நேரம். வாசலில் காலணியைக் கழற்றிச் செருப்பு மாட்டுவீர்கள். தத்தாமிப் பாய் தொடங்கும் இடத்தில் அந்தச் செருப்பையும் கழற்ற வேண்டும். கழிப்பறைக்கு வேறு செருப்பு வாசலிலேயே இருக்கும், அதோடு அறைக்குள் வந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. சக்கரப் பெட்டியைப் பாயின் மேல் உருட்டாதீர்கள்.

அறையில் யுகாத்தா என்னும் பருத்தி அங்கி மடித்து வைத்திருக்கும். இடப்பக்கத் துணி மேலே வரும்படி உடுத்துங்கள். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்க்கு உடுத்தும் முறை, பணியாளர்கள் பதறித் திருத்துவார்கள். இரவு உணவு ஆறு, ஆறரைக்குத் தொடங்கும். பல வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒன்றரை மணி நேரம் ஆகும். அன்று காலை 'எனக்கு மீன் வேண்டாம்' என்றால் ஒன்றும் செய்ய முடியாது. பொருள் முன்னரே வாங்கி வெட்டி வைத்தாயிற்று. சைவ வேண்டுகோளை முன்பதிவின்போதே சொல்ல வேண்டும், ஏற்றுக்கொள்ளாத விடுதிகளும் உண்டு. நீங்கள் சாப்பிடும் நேரத்தில் அறையில் ஃபுத்தோன் படுக்கை விரித்துவிடுவார்கள்.

குழு மாலை 7 மணிக்கு மேல்தான் விடுதி சேரும் என்று திட்டம் சொன்னால், ரியோகானுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

ஒன்சென் குளியலில் ஆடையே கூடாதா?

கூடாது. நீச்சலுடையும் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனித் தொட்டிகள், வாசல் திரைகள் பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. சில விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் பக்கம் மாற்றிவிடுவார்கள், நேற்றைய நினைவில் நுழையாமல் திரையைப் பாருங்கள்.

முதலில் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு முழுவதும் தேய்த்துக் குளிக்க வேண்டும். நுரை துளியும் இல்லாமல் கழுவிய பிறகே தொட்டி. அது ஊறுவதற்கு, கழுவுவதற்கு அல்ல. சிறு துண்டு தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். தண்ணீர் 40 முதல் 42 டிகிரி. முதல் முறை ஐந்து நிமிடம் போதும், எழும்போது மெதுவாக எழுங்கள். தலைசுற்றி விழுகிறவர்கள் பெரும்பாலும் சாப்பிட்ட உடனோ மது அருந்திவிட்டோ இறங்கியவர்கள். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போகவேண்டும்.

கூச்சப்படுபவர்களுக்கு வழி இருக்கிறது. பல விடுதிகளில் 'காஷிகிரி' என்ற தனித்தொட்டி மணிக்கணக்கில் கிடைக்கும், குடும்பமாகவே போகலாம். பச்சை குத்தியவர்களைப் பொதுத் தொட்டியில் விடாத இடங்களுக்கும் இதுவே தீர்வு. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக நேரம் குறித்துவிடுங்கள்.

தேநீர்ச் சடங்கில் என்ன செய்ய வேண்டும்?

குழுக்களுக்கு நடப்பது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரச் சுருக்கம். உணவோடு கூடிய முழுச் சடங்கு நான்கு மணி நேரம் நீளும். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள், கிண்ணத்தில் கீறல் விழும். அந்தக் கிண்ணம் நூறு ஆண்டுப் பழையதாக இருக்கலாம். சுத்தமான காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். வாசனைத் திரவியம் வேண்டாம்.

இனிப்பு முதலில் வரும். அதை முழுவதும் சாப்பிட்டு முடித்த பிறகே தேநீர், மாற்றி மாற்றிச் சுவைப்பதில்லை. கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலக்கையால் கடிகார முள் திசையில் இரண்டு முறை சிறிது திருப்பினால் அதன் முகப்பு உங்கள் வாய்க்கு நேராக வராது. சில மிடறுகளில் குடித்து, கடைசி மிடறை ஓசையோடு உறிஞ்சலாம். பிறகு உதடு பட்ட இடத்தை விரலால் துடைத்து, கிண்ணத்தைத் திருப்பிவைத்து, குனிந்து அதன் வேலைப்பாட்டைப் பாருங்கள். அப்படிப் பார்ப்பதும் சடங்கின் பகுதியே. 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கலைக்கு வடிவம் தந்த சென் நோ ரிக்யூவின் வழிவந்த மூன்று பள்ளிகளிடையே சிறு வேறுபாடுகள் உண்டு, பிசகினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மண்டியிட்டு உட்கார முடியாதவர்கள் நாற்காலி கேட்கத் தயங்க வேண்டாம். உராசென்கே பள்ளி 1872இல், கியோத்தோ பொருட்காட்சிக்கு வந்த வெளிநாட்டினருக்காகவே மேசை நாற்காலி முறையை வகுத்தது. அதுவும் மரபுதான்.

கோயில்களில் எப்படி வழிபடுகிறார்கள்?

தோரி வாயில் இருப்பது ஷிந்தோ ஆலயம். வாயிலில் ஒருமுறை தலை தாழ்த்தி, நடுப்பாதையை விட்டு ஓரமாக நடந்து, நீர்த்தொட்டியில் இடக்கை, வலக்கை, வாய் என்ற வரிசையில் கழுவிக்கொள்வார்கள். கரண்டியில் வாய் வைக்கக் கூடாது, கையில் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டும். காசு போட்டு, இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்குவது முறை. பௌத்தக் கோயிலில் கைதட்டுவதில்லை, கூப்பினால் போதும்.

நமக்குத் தெரிந்த தெய்வங்கள் அங்கே பௌத்தத்தின் வழியே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். சரஸ்வதி பென்சைத்தென், லட்சுமி கிச்சிஜோதென், பிள்ளையார் காங்கிதென். காங்கிதென் உருவத்தை மட்டும் பெரும்பாலும் திரைக்குள்ளேயே வைத்திருப்பார்கள், தரிசனம் கிடைக்காது. கியோத்தோவின் சஞ்சூசன்கென்தோவில் 1001 கன்னோன் (கருணையின் போதிசத்துவர்) சிலைகளுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள் நிற்கின்றன. அவற்றில் புல்லாங்குழல் ஊதும் கருடனைக் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. நாராவில் தோதாய்ஜியின் பெரும் புத்தருக்கு 752இல் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர். இதையெல்லாம் சொல்லாமல் மான்களுக்கு ரொட்டி போட்டுப் படமெடுக்க மட்டும் நேரம் தரும் குழுக்கள் இருக்கின்றன. நாராவுக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள், நான்குக்குக் குறையக் கூடாது.

கோயில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கும் 'கொஷுயின்' ஏடு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு இடத்திலும் 300 முதல் 500 யென், சில்லறையாகக் கொடுங்கள். அந்தச் சாளரம் கோயிலுக்கு முன்பே மூடிவிடும் என்பதால் உள்ளே நுழைந்ததும் ஏட்டைக் கொடுத்துவிடுவது நல்லது.

கோயாசான் மடத்தில் தங்குவது சிரமமா?

ஓரளவு. ஆனாலும் திட்டத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தாவது இதைச் சேருங்கள். 816இல் கூகாய் நிறுவிய ஷிங்கோன் பௌத்த மலை இது, சுமார் 800 மீட்டர் உயரம். ஐம்பதுக்கு மேற்பட்ட மடங்கள் விருந்தினரை ஏற்கின்றன. அறைகளுக்கு நடுவே பெரும்பாலும் காகிதக் கதவுதான், பக்கத்து அறை இருமல் கேட்கும். பல மடங்களில் குளியலறை பொது. குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே போகும், வராந்தாவில் வெப்பம் இருக்காது. தடித்த காலுறையும் உள்ளுடுப்பும் கட்டாயம்.

இரவுச் சாப்பாடு ஐந்தரை, ஆறுக்கு. இறைச்சி, மீன், வெங்காயம், பூண்டு எதுவும் சேராத ஷோஜின் சமையல். எள் தோஃபு, உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபு, மலைக் கீரைகள் வரும். சைவ உணவுக்காரர் எந்த விசாரணையும் இல்லாமல் ஜப்பானியத் தட்டு முழுவதையும் சாப்பிடக்கூடிய அரிய இடம் இது. காலை ஆறு மணி அளவில் வழிபாடு. சில மடங்களில் கோமா என்னும் தீ வழிபாடும் உண்டு. நம் ஹோமத்தின் வழிவந்தது, சமித்து அடுக்குவதும் நெய்க்கு நிகராக எண்ணெய் விடுவதும் பார்த்தவுடன் புரியும்.

ஒக்குநோயின் இடுகாட்டுப் பாதை 2 கிலோமீட்டர், தேவதாரு மரங்களுக்கிடையே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சமாதிகள். கூகாய் இன்னும் தியானத்தில் இருக்கிறார் என்று நம்பி, தினமும் இரண்டு வேளை உணவு எடுத்துச் செல்கிறார்கள். கொப்யோபாஷி பாலத்தைத் தாண்டினால் படமெடுக்கவோ தின்னவோ கூடாது.

கிமோனோ உடுத்துவது, கெய்ஷாவைப் படமெடுப்பது?

கிமோனோ வாடகைக்கு எடுப்பதை ஜப்பானியர் விரும்பவே செய்கிறார்கள். உடுத்திவிட 30, 40 நிமிடம் ஆகும். அடி குறுகிவிடும், படி ஏறுவது சிரமம். ஆகவே கியோமிசுதேரா ஏற்றத்துக்கு அன்று போக வேண்டாம். சாயங்காலம் கடை மூடுமுன் திருப்ப வேண்டும்.

கியோத்தோவின் கியோன் பகுதியில் மைகோக்கள் (கெய்ஷா என்னும் ஆடல்பாடல் கலைஞராகப் பயிற்சி பெறும் பெண்கள்) வேலைக்குப் போகும் வழியை மறித்துப் படமெடுப்பது பெரும் தொல்லையாகிவிட்டது. தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் என்று பலகை வைத்திருக்கிறார்கள், 2024இல் சில சந்துகளைப் பயணிகளுக்கு மூடியும் விட்டார்கள். அவர்களின் ஆட்டத்தைப் பார்க்க விரும்பினால் அரங்க நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கித் தரும் குழுவைத் தேர்ந்தெடுங்கள்.

சுமோ, கபுகி பார்க்க முடியுமா?

சுமோ போட்டிகள் ஒற்றைப்படை மாதங்களில் 15 நாள்: டோக்கியோவில் ஜனவரி, மே, செப்டம்பர், ஒசாகாவில் மார்ச், நகோயாவில் ஜூலை, ஃபுகுவோகாவில் நவம்பர். உயர்பிரிவு மோதல்கள் மாலை 4 மணிக்கு மேல்தான். கபுகி நாடகத்தில் முழு நிகழ்ச்சி நான்கு மணி நேரம் போகும், டோக்கியோ கின்சாவின் கபுகிசாவில் ஒரு காட்சிக்கு மட்டும் சீட்டு விற்கிறார்கள். முதல் முறைக்கு அது போதும்.

முட்டிவலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகலாமா?

ஒரு நாளில் 12,000 முதல் 15,000 காலடி நடப்பது சாதாரணம். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே நடக்கப் பழக்குங்கள். ரியோகானில் மேல்நாட்டுக் கட்டில் உள்ள அறை, சாப்பாட்டுக்கு நாற்காலி, தேநீருக்கு நாற்காலி ஆகிய மூன்றையும் பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். காலணி குனியாமல் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், நாளுக்குப் பத்து முறை கழற்றுவீர்கள். சரளைக் கற்கள் பரப்பிய ஆலய முற்றங்களில் சக்கர நாற்காலி தள்ளுவது கடினம்.

பெரிய பெட்டியை என்ன செய்வது?

டோக்கியோ–கியோத்தோ வழி ஷின்கான்செனில் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் வந்தால், அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்ட வேண்டும். பெட்டியை விடுதி வரவேற்பில் கொடுத்து 'தக்யூபின்' மூலம் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவதே மேல். பெரிய பெட்டிக்கு ஏறக்குறைய 2,000 முதல் 3,500 யென், பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும். ஒரு இரவுக்கான துணி, மருந்து, சார்ஜர் தனிப்பையில் இருக்க வேண்டும். கோயாசானுக்கும் ஹக்கோனேக்கும் அந்தச் சிறுபையோடு மட்டும் போங்கள்.

பணம், மின்சாரம், குப்பை?

பெரிய கடைகளில் கார்டு செல்லும், கோயிலிலும் சிறு உணவகத்திலும் ரொக்கம்தான். செவன் இலெவன் ஏ.டி.எம்.களில் வெளிநாட்டுக் கார்டு வேலை செய்யும். மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டையான முள் கொண்ட செருகி. நம் ஊர்க் கெட்டில், இஸ்திரிப்பெட்டி அங்கே சரியாகச் சூடேறாது. தெருவில் குப்பைத்தொட்டி அரிது, ஒரு பையில் சேர்த்து விடுதிக்குக் கொண்டுவாருங்கள். ரயிலில் கைபேசியில் பேசுவதில்லை.

வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ் தர வேண்டுமா?

உணவகத்திலும் விடுதியிலும் வேண்டாம், திருப்பித் தர ஓடிவருவார்கள். சில நிறுவனங்கள் நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வசூலிக்கின்றன, அது விலையில் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்ட வழிகாட்டிக்கு ஊர் இனிப்பு ஒரு பொட்டலம் கொடுத்தால் மகிழ்வார்.

தாமதமாக வந்தால், குழுவைத் தவறவிட்டால்?

ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பு உண்டு. காலையில் இருபது நிமிடம் நழுவினால், மாலையில் கடைசி இடத்தை வெட்டித்தான் ஈடுகட்டுவார்கள். தேநீர் அறையும் பட்டறையும் காத்திருக்கா, அடுத்த குழு வாசலில் நிற்கும். ஐந்து நிமிடம் முன்னால் நிற்பதே அங்கே நேரத்துக்கு வருவது.

வழி தவறினால் நின்ற இடத்திலிருந்து மேனேஜருக்குச் செய்தி அனுப்புங்கள், தேடி அலையாதீர்கள். விடுதியின் பெயர், முகவரி ஜப்பானிய எழுத்தில் உள்ள அட்டையை வரவேற்பில் வாங்கிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். டாக்சிக்காரரிடம் காட்டினால் போதும். ரயிலில் குழு ஏறி நீங்கள் நடைமேடையில் நின்றுவிட்டால், அடுத்த ரயிலில் ஏறாமல் அங்கேயே இருந்து நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள். தெருமுனைக் 'கோபான்' காவல் சாவடியில் வழி சொல்வார்கள், தொலைந்த பையும் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேரும். அவசரத்துக்குக் காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 119.